லாரா பாமரின் டைரியில் எழுதப்படாத பெயர்

கேள்வி இதுதான்: "‘ட்வின் பீக்ஸ்’ மூன்று சீசனும் படமும் பார்த்து முடித்துவிட்டேன். லாரா பாமரே எழுதியதாக ஒரு டைரி புத்தகம் இருக்கிறதாமே, அது தொடர் ஓடிய வேகத்தில் காசு பார்க்கப் போட்டதா, இல்லை படிக்கத் தகுந்ததா? அதில் வருவதையும் கதையோடு சேர்த்துக்கொள்ளலாமா? மற்ற தொடர்களுக்கு இப்படி வந்த டைரிகளில் எது நல்லது? பத்தாவது படிக்கும் என் தங்கையும் கேட்கிறாள், கொடுக்கலாமா?"

படியுங்கள். காசு பார்க்கப் போட்டதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் தொலைக்காட்சித் தொடர்களை ஒட்டி வந்த டைரிகளில் என் மனதில் இன்றுவரை முதலிடம் அதற்குத்தான். ஏன் என்று விளக்க வேண்டுமானால், லாரா என்கிற அந்தப் பள்ளி மாணவியைக் கொன்றது யார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில் தேதிகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், விஷயமே அங்கேதான் இருக்கிறது. 1990 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடரின் முதல் பகுதி வந்தது. அன்றைக்குப் பார்த்தவர்கள் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் பேர். மே 23-ல் முதல் சீசன் முடிந்தது. லாராவைக் கொன்றது யார் என்று சொல்லாமலே முடித்தார்கள். இரண்டாவது சீசன் தொடங்கியது செப்டம்பர் 30. இந்த இடைவெளியில், செப்டம்பர் நடுவில், பாக்கெட் புக்ஸ் பதிப்பகம் ‘லாரா பாமரின் ரகசிய டைரி’யைக் கடைக்கு அனுப்பியது. நாடே விடை தேடிக்கொண்டிருந்த சமயம். செத்துப்போன பெண்ணின் டைரியே கையில் கிடைக்கிறது என்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்? நியூயார்க் டைம்ஸின் அதிக விற்பனைப் பட்டியலில் ஏறியது புத்தகம்.

ஆனால் விடை தொலைக்காட்சியில் வந்தது நவம்பர் 10 அன்றுதான். சொந்த அப்பா லீலண்ட். அவருக்குள் புகுந்திருக்கும் பாப் என்கிற ஏதோ ஒன்று.

ஆக, எழுதியவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கொலையானவள் தன் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவைத்த டைரியை எழுத வேண்டும். கொலையாளி யார் என்பதை மட்டும் அந்த டைரி சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் தொடரே அவுட். சொல்லாமல் மழுப்பினால் டைரி பொய்யாகிவிடும், ஏனென்றால் தன்னை யார் என்ன செய்கிறார்கள் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. இந்த இடுக்கில் மாட்டிக்கொண்டவர் ஜெனிஃபர் லிஞ்ச். தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவிட் லிஞ்சின் மகள், அப்போது வயது 22. (பின்னாளில் மல்லிகா ஷெராவத்தை வைத்து இங்கே ‘ஹிஸ்’ என்ற பாம்புப் படம் எடுத்தாரே, அவரேதான்.) சின்ன வயதில், பன்னிரண்டு வயது இருக்கும்போது, வேறொரு பெண்ணின் டைரி தன் கையில் கிடைக்க வேண்டும், தனக்கு வரும் பயமெல்லாம் அவளுக்கும் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்ததாம். அதை அப்பாவிடம் சொல்லியும் இருக்கிறார். அப்பாவுக்கு அது நினைவில் இருந்திருக்கிறது. லிஞ்சும், தொடரை உருவாக்கிய இன்னொருவரான மார்க் ஃப்ராஸ்டும் கொலையாளி யார் என்பதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதச் சொன்னார்கள். அட்டையில் ‘எழுதியவர்’ என்று போடவில்லை, ‘ஜெனிஃபர் லிஞ்ச் கண்டபடி’ என்றுதான் போட்டார்கள்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? 1984 ஜூலை 22. லாராவுக்குப் பன்னிரண்டு முடிந்து மூன்று நிமிடம்தான் ஆகிறது. தன் பெயரைச் சொல்லித் தொடங்குகிறாள். பிறந்தநாளுக்குக் கிடைத்த இந்த டைரி அவளுக்குப் பெருமை. ட்ராய் என்று ஒரு குட்டைக் குதிரையும் வருகிறது. பூனை, தோழி டோனா, உறவுக்காரப் பெண் மேடி, அம்மா, அப்பா என்று முதல் சில பக்கங்களில் எந்த வீட்டுப் பிள்ளையும் எழுதக்கூடியதுதான் இருக்கிறது. படிக்கிற நமக்குத்தான் வயிற்றைப் பிசையும். ஐந்து வருடத்தில் இவள் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பிணமாகக் கரையில் ஒதுங்கப் போகிறாள் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தெரிந்த முடிவை நோக்கித் தெரியாமல் நடந்துபோகிற ஒருத்தியின் குரல். தொடரில் கேமராவுக்கு இது வாய்க்கவே இல்லை. தொடர் தொடங்கும்போதே அவள் செத்துவிட்டாள். அந்தப் பாத்திரத்துக்கு ஷெரில் லீயை முதலில் எடுத்ததே பிணமாகப் படுக்கத்தானே! டைரிதான் அந்தப் பெண்ணுக்கு முதல் முறையாக வாய் கொடுத்தது.

பாப் வருகிற விதத்தைப் பாருங்கள். முதலில் அது ஒரு மங்கலான பயம், இரவில் ஜன்னல் வழியாக வருகிறவன். பிறகு பெயர் வருகிறது. ஒரு கட்டத்தில் லாரா எழுதிக்கொண்டிருக்கும்போதே, அதே பக்கத்தில், அவன் பதில் சொல்கிறான். அவள் ஒரு வரி, அவன் ஒரு வரி. அவன் பேசுவதெல்லாம் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளில் அச்சாகியிருக்கும். கேள்வி கேட்பவள் சின்ன எழுத்தில், மிரட்டுபவன் பெரிய எழுத்தில். தன் சொந்த டைரியில், தன் சொந்தக் கையால், தன்னை அழிக்கிறவனின் வார்த்தைகளை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள். இதைத் தமிழில் யாராவது மொழிபெயர்க்க வந்தால் என்ன செய்வார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நம் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. தடித்த எழுத்தில் போட்டால் பாடப்புத்தகத்துத் தலைப்பு மாதிரி இருக்கும். ஒருவேளை அவள் ‘நீ’ என்று எழுதுவதும் அவன் ‘நீ’ என்று எழுதுவதும் வேறு வேறாகக் கேட்கிற மாதிரி நடையிலேயே பிரிக்க வேண்டியிருக்கும்.

கொலையாளியின் பெயரைத் தவிர்க்க ஜெனிஃபர் கண்ட வழி எளிமையானது. பக்கங்களைக் கிழித்துவிட்டார். புத்தகத்தின் பின்பகுதிக்குப் போகப் போக, ‘பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது, கிடைத்தது இப்படியே’ என்கிற குறிப்பு வந்துகொண்டே இருக்கும். தேதிகளும் கழன்றுபோகும். கடைசிப் பதிவில் லாரா, பாப் யார் என்று தனக்குத் தெரிந்துவிட்டது என்கிறாள். எல்லாரிடமும் சொல்லியாக வேண்டும், நம்ப வைக்க வேண்டும் என்கிறாள். யாரோ டைரியின் பக்கங்களைக் கிழித்திருக்கிறார்கள் என்றும் எழுதுகிறாள். பெயரை மட்டும் எழுதவில்லை. டைரியைப் பத்திரமாக வைத்திருக்கும்படி தனக்குப் பழக்கமான ஹெரால்டிடம் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறாள்.

விற்பனைக்காகப் போட்ட பூட்டுதான் இது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டு எங்கே போய்ப் பொருந்துகிறது பாருங்கள். வீட்டுக்குள்ளேயே, பெற்ற தகப்பனாலேயே சிதைக்கப்படுகிற ஒரு குழந்தை அந்தப் பெயரைக் காகிதத்தில்கூட எழுத மாட்டாள். எழுதினால் அது உண்மையாகிவிடும். ‘ஜன்னல் வழியாக வருகிற ஒருவன்’ என்று எழுதினால்தான் காலையில் அதே ஆளோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார முடியும். தொலைக்காட்சிக்காரர்களின் ரகசியம் காக்கும் அவசியமும், அந்தப் பெண் தன்னையே காத்துக்கொள்ளும் அவசியமும் ஒரே மௌனத்தில் வந்து சேர்ந்துவிட்டன. 22 வயதில் இதைச் செய்தது சின்ன விஷயம் இல்லை. தொடரையெல்லாம் முடித்துவிட்டு, பதில் தெரிந்தவராக இந்தப் புத்தகத்தைப் படிக்கப் போகிறீர்கள் அல்லவா, உங்களுக்கு 1990-ல் வாங்கியவர்களைவிட இது நன்றாகக் கேட்கும். அப்பா வருகிற சாதாரண வரிகளில் கவனமாக நில்லுங்கள்.

தொடரிலேயே டைரி இரண்டு இருப்பது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் கிடைத்த டைரியை முதல் பகுதியிலேயே, கொலையை விசாரிக்க வந்த எஃப்பிஐ அதிகாரி டேல் கூப்பர் திறந்து படிப்பார். இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடியும் அஸ்பாரகஸ், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது என்கிற ரகமான வரிகள் அதில் இருக்கும். யார் கையிலாவது அகப்பட்டாலும் பரவாயில்லை என்று எழுதிய டைரி அது. இன்னொன்று ரகசிய டைரி. வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சி, ஆர்க்கிட் செடிகளோடு வாழ்கிற ஹெரால்ட் ஸ்மித்தின் அலமாரியில் இருப்பது. வீடு தேடிச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில்தான் லாராவுக்கு அவர் பழக்கம். புத்தகமாக வந்தது இந்த இரண்டாவது டைரி. ஆக, கதைக்குள் ஏற்கனவே இருக்கிற, பாத்திரங்கள் தேடி அடித்துக்கொள்கிற ஒரு பொருள் நம் கைக்கு வருகிறது. ‘இந்தப் பாத்திரம் டைரி எழுதினால் எப்படி இருக்கும்’ என்று வெளியிலிருந்து யோசித்து ஒட்டவைத்தது இல்லை. இப்படி வரும் புத்தகங்களில் பாதிக்கு மேல் தேறாமல் போவதற்குக் காரணமே இந்த ஒட்டவைப்புதான் என்பது என் எண்ணம்.

இனி, கதையோடு சேர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. தேதிக்குத் தேதி, சம்பவத்துக்குச் சம்பவம் பொருத்திப் பார்த்தால் உதைக்கும். நீங்கள் பார்த்த 1992 படத்தில், பக்கங்கள் கிழிந்திருப்பதைக் கண்டு பதறி லாரா டைரியை ஹெரால்டிடம் ஒப்படைக்கிறாள், அப்பாதான் என்று புரிவது அதற்குப் பிறகு. புத்தகத்திலோ, கொடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது என்று எழுதுகிறாள். இந்த மாதிரி முரண் வேறு இடங்களிலும் தட்டுப்படும். அதை வைத்துப் புத்தகத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஏனென்றால் அந்தக் கிழிந்த பக்கங்களைக் கதை பிற்பாடு கைவிடவே இல்லை. படத்தில் கூப்பரின் காதலி ஆனி, லாராவின் கனவில் வந்து, நல்ல டேல் லாட்ஜ் என்கிற மாய இடத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறான், வெளியே வர முடியவில்லை, இதை உன் டைரியில் எழுது என்கிறாள். அதற்கு 25 வருடம் கழித்து, 2017 சீசனில், காவல் நிலையக் கழிவறைக் கதவின் தகட்டுக்குள்ளிருந்து ஹாக் என்கிற காவல் அதிகாரி மூன்று பக்கங்களை எடுக்கிறார். ஆனி சொன்னது அதில் இருக்கிறது. லீலண்ட்தான் ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார். காணாமல் போனவை நான்கு, கிடைத்தவை மூன்று. நான்காவது கடைசிவரை வரவில்லை.

இருக்கிற பக்கம் பின்னால் வரும் கதையோடு முட்டும், இல்லாத பக்கம் எதோடும் முட்டாது, அதில் எதை வேண்டுமானாலும் பிறகு எழுதலாம். 1990-ல் ஆனி என்று ஒரு பாத்திரமே தொடருக்குள் வந்திருக்கவில்லை. ஆனாலும் அவள் சொன்ன செய்தி லாராவின் டைரியில் இடம் பிடித்ததென்றால், பக்கங்களைக் கிழித்து வைத்த புண்ணியம்தான்.

அப்புறம் மற்ற டைரிகள். நான் எல்லாரிடமும் தயங்காமல் சிபாரிசு செய்வது ‘எஸ் மினிஸ்டர்’ புத்தகங்கள். 1980-ல் பிபிசியில் தொடங்கிய அந்த நகைச்சுவைத் தொடரைத் தெரிந்திருக்கும்: ஜிம் ஹாக்கர் என்கிற அமைச்சர், அவரை மேய்க்கிற செயலாளர் சர் ஹம்ஃப்ரி, நடுவில் மாட்டிக்கொண்ட அமைச்சரின் தனிச் செயலர் பெர்னார்ட். தொடரை எழுதிய ஆன்டனி ஜேயும் ஜோனத்தன் லின்னும் அதை ஹாக்கரின் டைரியாகப் புத்தகமாக்கினார்கள், தங்களை வெறும் தொகுப்பாசிரியர்கள் என்று அட்டையில் போட்டுக்கொண்டார்கள். இதற்கு நிஜத்தில் ஒரு முன்னோடி உண்டு. ரிச்சர்ட் க்ராஸ்மன் என்ற பிரிட்டிஷ் அமைச்சர் தன் பதவிக்கால டைரிகளை வெளியிட ஏற்பாடு செய்துவிட்டு 1974-ல் இறந்துபோனார். அரசாங்கம் தடை கேட்டு நீதிமன்றம் போனது, 1975-ல் தடை மறுக்கப்பட்டு டைரி வெளிவந்தது. அதிகாரிகள் அமைச்சரை எப்படிப் பூசி மெழுகி அடக்குகிறார்கள் என்பதை அந்த டைரிகள் போட்டு உடைத்தன. தொடருக்கு விதை அங்கேதான்.

டைரி வடிவத்தில் ஒரு பெரிய சிக்கல் உண்டு: டைரிக்காரர் இல்லாத இடத்தில் நடப்பதை எப்படிச் சொல்வது? ஹம்ஃப்ரியும் பெர்னார்டும் அமைச்சர் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வதுதான் அந்தத் தொடரின் உயிர். ஹாக்கருக்கு அது எதுவும் தெரியாது. சாதாரண எழுத்தாளர்கள் என்றால் ‘பிறகு தெரியவந்தது’ என்று ஒட்டுப் போட்டிருப்பார்கள். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புத்தகம் பல வருடம் கழித்து, ஹாக்கர் காலமான பின் தொகுக்கப்படுவதாக வைத்துக்கொண்டு, இடையிடையே சர் ஹம்ஃப்ரியின் சொந்தக் குறிப்புகள், அலுவலகக் கடிதங்கள், ஓய்வுபெற்ற பெர்னார்டின் நினைவுகள் என்று சொருகிவிட்டார்கள். ஒரு பக்கம் ஹாக்கர், இன்று நான் ஜெயித்துவிட்டேன் என்று மார்தட்டுவார். அடுத்த பக்கத்தில் ஹம்ஃப்ரியின் குறிப்பு, அமைச்சர் நாங்கள் விரும்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தார் என்கிற பொருளில் இருக்கும். எழுதுபவருக்குப் புரியாதது படிப்பவருக்குப் புரிகிறது. லாரா தெரிந்தும் எழுதாதவள், ஹாக்கர் எழுதியும் தெரியாதவர். டைரியை நல்ல புத்தகமாக்குவது இந்த இடைவெளிதான்.

‘ட்வின் பீக்ஸ்’ வரிசையிலேயே கூப்பருக்கும் ஒன்று உண்டு, 1991-ல் மார்க் ஃப்ராஸ்டின் தம்பி ஸ்காட் ஃப்ராஸ்ட் ‘கேட்டபடி’ வந்தது. டைரிக்குப் பதில் ஒலிநாடாக்கள். 1967 கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த டேப் ரிக்கார்டரில் சிறுவன் கூப்பர் பேசத் தொடங்குவதிலிருந்து, 1989 பிப்ரவரி 24 அன்று ட்வின் பீக்ஸ் ஊருக்குக் கிளம்புவது வரை. கூப்பரைப் பிடிக்கும் என்றால் ஒருமுறை புரட்டலாம். என்னைப் பொறுத்தவரை அது ஆளை அளவுக்கு மீறி விளக்கிவிடுகிறது. ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரின் அப்பா ஜான் வின்செஸ்டரின் டைரியும் 2009-ல் வந்தது. தொடரிலேயே அந்த டைரிக்கு முக்கிய இடம் இருக்கிறது, அந்த வகையில் சரியான தேர்வுதான். ஆனால் தொடர் 2020 வரை ஓடி அந்தக் குடும்பத்தின் கதையை மேலும் மேலும் எழுதிக்கொண்டே போனது. பாதி வழியில் அச்சான டைரி அதற்கெல்லாம் எப்படி ஈடுகொடுக்கும்?

‘க்ராவிட்டி ஃபால்ஸ்’ என்ற டிஸ்னி கார்ட்டூன் தொடரின் ‘மூன்றாம் ஜர்னல்’ தப்பித்தது அதனால்தான். தொடர் 2016 பிப்ரவரியில் முடிந்த பிறகு, ஜூலையில் வந்தது. உருவாக்கிய அலெக்ஸ் ஹிர்ஷே ராப் ரென்ஸெட்டியோடு சேர்ந்து எழுதினார். தொடரின் முதல் பகுதியில் சிறுவன் டிப்பர் காட்டுக்குள் கண்டெடுக்கும் அதே புத்தகம், அட்டையில் ஆறு விரல் கையும் அதன் மேல் 3 என்ற எண்ணும். முதலில் எழுதியவரின் பக்கங்கள், பிறகு டிப்பரின் கையெழுத்து, நடுவில் அவனோடு இரட்டையாகப் பிறந்த மேபல் புகுந்து கிறுக்கியது என்று கை மாறி மாறி எழுதியது அப்படியே தெரியும். சங்கேத எழுத்துகளும் உண்டு, உட்கார்ந்து உடைக்கலாம். தொடரில், புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் மையில் ஜர்னலுக்குள் ரகசியக் குறிப்புகள் இருக்கும். 2017-ல் நிஜமாகவே அப்படிப்பட்ட மையில் அச்சடித்து 10,000 பிரதிகள் மட்டும் ஒரு சிறப்புப் பதிப்பு போட்டார்கள். இருட்டறையில் விளக்கைப் பிடித்து ஒரு பிள்ளை அதைப் படிப்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது தங்கை விஷயம். லாராவின் டைரி இளம் பெண்ணின் படத்தோடு, மெல்லிய பாக்கெட் புத்தகமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சிறுமிக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமை, கொக்கைன், தன் உடம்பைத் தானே வெறுப்பது எல்லாம் அவள் குரலிலேயே, விலகி நிற்க இடமில்லாமல் வருகிறது. தொடரில் கேமரா பல இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், டைரி திருப்பிக்கொள்ளாது. தொடரையே தாங்கிக்கொண்டாளே என்று கணக்குப் போடக் கூடாது. பத்தாவது படிக்கும் பெண்ணிடம் இப்போதைக்குத் தனியாகக் கொடுத்து அனுப்ப மாட்டேன். நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்து அவள் கேட்டால், நீங்களும் கூட இருந்து, நடுவில் நிறுத்திப் பேசலாம் என்கிற நிலையில் கொடுங்கள். அதுவரை ‘மூன்றாம் ஜர்னல்’ அவளுக்கு.

உங்களுக்கு ஒரு யோசனை. 2017-ல் ஷெரில் லீயே லாராவின் டைரியை ஒலிப்புத்தகமாக வாசித்திருக்கிறார். கிடைத்தால் அதையும் கேளுங்கள். ஆனால் முதலில் அச்சில் படித்துவிட்டு அப்புறம் கேளுங்கள், ‘பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது’ என்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு.